எந்த அம்மை?

போன வருடம் மாசி மாதத்தில் என் மாமனாருக்கு வலப்பக்க இடுப்பில் அக்கி கிளம்பியது. முதல் இரண்டு நாள் வெறும் எரிச்சல்தான். வாயுப் பிடிப்பு என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் சட்டையைக் கழற்றிக் காட்டினார். முதுகுத்தண்டில் தொடங்கித் தொப்புளை நோக்கி, அரை ஒட்டியாணம் மாட்டியதுபோலக் கொப்புளங்கள் வரிசை கட்டியிருந்தன. கோடு கிழித்தாற்போல உடம்பின் மறு பாதிக்கு ஒன்றுகூடத் தாண்டவில்லை.

நாங்கள் இருப்பது திருச்சி உறையூரில். அக்கி என்றால் எங்கள் பக்கம் முதலில் மருத்துவரைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. மண்பாண்டம் செய்கிற பெரியவர் ஒருவர் காவிமண்ணைக் குழைத்துக் கோழியிறகால் அக்கி எழுதுவார். கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைவது வழக்கம். சிங்கத்தைக் கண்டால் அக்கி அடங்கிவிடும் என்பது நம்பிக்கை. மாமாவும் போய் எழுதிக்கொண்டு வந்தார். மிச்சக் காவியைக் கொட்டாங்கச்சியில் கொடுத்து, காய்ந்தால் மேலே தடவிக்கொள்ளச் சொல்லியிருந்தார் பெரியவர்.

அந்த வேலையை என் மகள் எடுத்துக்கொண்டாள். ஏழு வயது. தாத்தா பாயில் ஒருக்களித்துப் படுப்பார். அவள் பக்கத்தில் மண்டியிட்டு, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, இறகைக் காவியில் தோய்த்துச் சிங்கத்தின் மேல் பூசுவாள். இறகு பிரிந்து போனதும் விரலாலேயே பூசினாள். சிங்கத்துக்கு மீசை வைத்தாள். மறுநாள் பக்கத்தில் ஒரு குட்டியும் போட்டாள். 'பேத்தி கை பட்டால் எரிச்சலே தெரியவில்லை' என்றார் மாமா. நான் அடுக்களை வாசலில் நின்று கைபேசியில் படம் பிடித்தேன். அந்தப் படத்தை இப்போது பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. கொப்புளத்திலிருந்து கசிந்த நீரும் காவியும் அவள் விரலெல்லாம் ஈரமாக மின்னுகின்றன.

அக்கியும் சின்னம்மையும் ஒரே கிருமியின் வேலை என்பது அப்போது எனக்குத் தெரியாது. வேரிசெல்லா ஜோஸ்டர் என்று அந்த வைரசுக்குப் பெயர். சிறுவயதில் சின்னம்மையாக வந்து இறங்கிய பிறகும் அது உடம்பைவிட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பதுங்கிப் பல பத்தாண்டுகள் சும்மா கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும். ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டியாணம் போட்டதன் ரகசியம் அதுதான். இன்னொருவரின் அக்கியிலிருந்து நமக்கு அக்கி ஒட்டாது. ஆனால் சின்னம்மை வந்திராத, தடுப்பூசியும் போடாத ஒருவர்மேல் அந்தக் கொப்புள நீர் பட்டால் அவருக்குச் சின்னம்மையாக வரலாம். சின்ன வயதில் மாமாவுக்கு வந்த அம்மை, கோழியிறகு வழியாக என் மகளிடம் இறங்கியது. சுத்தமான துணியால் அந்த இடத்தை மூடிக் கட்டி, பிள்ளையைத் தொடவிடாமல் வைத்திருந்தாலே பெரும்பாலும் தப்பியிருப்போம்.

மகளுக்குத் தடுப்பூசி போடாததற்கு என்னிடம் நல்ல காரணம் ஒன்றும் இல்லை. சின்னம்மைத் தடுப்பூசி அரசு இலவசமாகப் போடும் பட்டியலில் கிடையாது. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும், அதுவும் இரண்டு தவணை. அடுத்த மாதம் போடலாம் என்று தள்ளினோம். தடுப்பூசி அட்டையில் அந்தக் கட்டம் மட்டும் வெறுமையாக நின்றுவிட்டது. இந்தத் தடுப்பூசியை உருவாக்கியவர் மிச்சியாக்கி தகாஹாஷி என்ற ஜப்பானிய மருத்துவர். 1964இல் அவருடைய மூன்று வயது மகனுக்குச் சின்னம்மை வந்து கடுமையாகப் பாடுபட்டதாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தகப்பன், பத்து வருடத்தில், 1974இல், தடுப்பூசியோடு வந்து நின்றார். நான் ஏழு வருடத்தில் ஒரு கட்டத்தை நிரப்பவில்லை.

மாசிக் கடைசி ஞாயிறு சமயபுரத்தில் பூச்சொரிதல். கோயிலுக்குப் போவதற்காக என் நாத்தனார் முதல்நாளே வந்திருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. மகள் அன்று முழுக்க அத்தை மடியைவிட்டு இறங்கவில்லை. உடம்பு கொஞ்சம் கதகதப்பாக இருந்தது, வெயிலில் அலைந்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை குளிப்பாட்டும்போது வயிற்றில் மூன்று சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி. சாயங்காலம் பார்த்தால் அதே மூன்றும் வெந்த ஜவ்வரிசிபோல நீர் கோத்துப் பளபளத்தன. முதுகில் பத்துப் பன்னிரண்டு புதிதாக முளைத்திருந்தன. கொட்டாங்கச்சியும் காவியும் வந்த நாளிலிருந்து அது பதினாறாம் நாள்.

என் மாமியார் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, 'அம்மா வந்திருக்கிறாள்' என்றார். பத்து நிமிடத்தில் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து ஏறிவிட்டது.

வேப்பிலைக்கு மருத்துவக் குணம் உண்டா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அறிவிப்புப் பலகையாக அதற்கு இணை கிடையாது. பால்காரர் கேட்டுக்கே வெளியே பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். கூரியர் பையன் கையெழுத்தே கேட்கவில்லை. எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்காரி வாசலில் நின்று பேசுவதை நிறுத்திக்கொண்டாள். வெளியூர்க்காரர் வரக் கூடாது, வீட்டிலிருப்பவர் விசேஷங்களுக்குப் போகக் கூடாது, நோயாளிக்குத் தனித் தட்டு, தனிப் பாய். இவை எல்லாம் மருத்துவரும் சொல்கிறவைதாம். என் கணவரின் அப்பாயிக்குப் பெரியம்மைத் தழும்பு முகமெல்லாம் இருந்ததைப் புகைப்படத்தில் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுப்பாடுகளில் பலவும் ஆளைக் கொன்ற அந்தப் பெரியம்மைக்காக எழுந்தவையாகவே இருக்க வேண்டும். அது உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று 1980இல் அறிவித்தார்கள். கட்டுப்பாடு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது, தங்கியதும் நல்லதுதான். ஒரே குறை, வேப்பிலை கொஞ்சம் தாமதமாக ஏறுகிறது. சின்னம்மை, முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவும். ஞாயிற்றுக்கிழமை வேப்பிலை இல்லை. அன்றைக்குத்தான் என் நாத்தனார் மடியில் வைத்துக் கொஞ்சினாள்.

முதல் பயம் அவளுக்காகத்தான். கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் தாய்க்கு நுரையீரல்வரை போகலாம், வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து உண்டு. அவளுடைய மகப்பேறு மருத்துவர் அன்றே இரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இல்லையென்றால் பத்து நாளுக்குள், எதிர்ப்புச் சக்தியை நேரடியாகவே உடம்பில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின் ஊசி போட வேண்டும், அதனால் ஒரு நாளும் கடத்தாதீர்கள் என்றார். முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு இரவும் மாமியார் படுக்கவில்லை, பூஜை அலமாரி முன்னால் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். அவளுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. சின்ன வயதில் எப்போதோ வந்து போயிருக்கிறது. இப்போது யார் வீட்டில் அம்மை என்றாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, கடந்த மூன்று நாளில் கர்ப்பிணி யாராவது வந்தார்களா என்பதுதான்.

குழந்தைகள் மருத்துவரிடம் போனபோது ஒரு தவறு செய்தேன். முன்கூட்டிச் சொல்லாமல் போய், கைக்குழந்தைகளும் இருந்த கூடத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எங்களைத் தனியே உட்காரச் சொல்லும் ஆளும் அங்கே இல்லை. தொலைபேசியில் 'அம்மை மாதிரி இருக்கிறது' என்று சொல்லியிருந்தால் ஆட்டோவிலேயே காத்திருந்து நேராக உள்ளே போயிருக்கலாம். அடுத்த முறை அப்படித்தான் செய்தேன்.

காய்ச்சலுக்கு எடைக்குத் தக்க அளவில் பாரசிட்டமால் மட்டும் என்றார் மருத்துவர். ஆஸ்பிரின் கூடவே கூடாது. சின்னம்மையில் பிள்ளைகளுக்கு அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிதான கோளாறைக் கொண்டுவரலாம். இப்யூபுரோஃபென்னும் வேண்டாம். வீட்டு மருந்துப் பெட்டியில் இருந்த இனிப்புச் சிரப்பின் பின்பக்கத்தைப் படித்தேன். இப்யூபுரோஃபென்தான். தூக்கி மேல்தட்டில் வைத்தேன்.

அரிப்புதான் பெரிய பாடு. நகத்தை ஒட்ட வெட்டினேன். இரவில் கையில் பருத்திக் காலுறை மாட்டிவிட்டேன். காலமைன் தடவினேன். வேப்பங்கொழுந்தால் மெல்ல வருடியபோது அவள் தூங்கிப்போனாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மரத்திலிருந்து ஒடித்த கையோடு தூசியும் எறும்புமாக இலையைப் பாயில் பரப்பிப் படுக்கவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உடைந்த முத்தில் காம்பு குத்துகிறது. அலசி, உதறி, கொழுந்தாகப் பார்த்து எடுத்தால் போதும்.

குளிப்பாட்டும் விஷயத்தில்தான் மாமியாருக்கும் எனக்கும் முட்டியது. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்க்காமல் உடம்பைக் கழுவலாம், அழுக்கு சேர்ந்தால்தான் சீழ் பிடிக்கும் என்றார் மருத்துவர். முத்து இறங்கித் தலைக்கு ஊற்றும்வரை தண்ணீரே படக் கூடாது என்றார் மாமியார். மூன்று நாள் அவர் வழியில் விட்டேன். முதுகில் ஒரு கொப்புளத்தைச் சுற்றி எட்டணா அளவுக்குச் சிவந்து, தொட்டால் சுட்டது. மருத்துவர் பார்த்துவிட்டு ஆன்டிபயாட்டிக் எழுதினார். அதற்குப் பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். ஆறவைத்த வெந்நீரில் மெல்லிய துணியை நனைத்து ஒத்தி எடுப்பதைக் குளியல் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பக்கெல்லாம் காய்ந்தபின் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை முறைப்படி மூன்று தடவை தலைக்கு ஊற்றினார். அந்த மகிழ்ச்சியை நான் கெடுக்கவில்லை.

வாய்க்குள்ளும் இரண்டு மூன்று புண். காரம், உப்பு, சூடு எதுவும் ஆகவில்லை. தாளிக்கக் கூடாது என்ற வழக்கம் அங்கே கைகொடுத்தது. இளநீர், நீர்மோர், குளிர்ந்த கேப்பைக் கூழ், குழைத்த தயிர்ச்சோறு. பச்சைப்பட்டினியில் சமயபுரத்தாளுக்கும் இளநீரும் நீர்மோரும் பானகமும் துள்ளுமாவும்தான் நைவேத்தியம். அம்மனே 28 நாள் இருக்கும் விரதம் அது. 'அவளும் நானும் ஒரே சாப்பாடு' என்று மகள் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

பள்ளிக்கு முதல் நாளே சொல்லிவிட்டேன். கடைசி முத்தும் பக்குக் கட்டும்வரை அனுப்பக் கூடாது, அதற்கு ஒரு வாரம்போல ஆகும். நடுவில் ஒரு மாதத் தேர்வு வந்தது. முழுக்கைச் சட்டை போட்டு அனுப்பலாமே என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி என் கணவர். வீட்டில் யார் யாருக்கு அம்மை வந்திருக்கிறது என்று மருத்துவர் முதல் நாளே கேட்டிருந்தார். எனக்கு ஒன்பது வயதில் வந்தது, நெற்றியில் சாட்சி இருக்கிறது. 'எனக்கும் வந்துவிட்டது' என்றார் கணவர். 'அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே சமயம் போட்டது, மூன்று தண்ணீர் ஊற்றினேன்' என்று மாமியார் உறுதி சொன்னார். சந்தேகமிருந்தால் மூன்று நாளுக்குள், மிஞ்சிப்போனால் ஐந்து நாளுக்குள், தடுப்பூசி போட்டுக்கொண்டால் வராமல் தடுக்கலாம் அல்லது வந்தாலும் லேசாகப் போய்விடும் என்றார் மருத்துவர். சந்தேகம் யாருக்கு? சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டார்.

மகளுக்குப் பக்கு உதிர்ந்து, வீடு கழுவி, அவள் பள்ளிக்கும் போகத் தொடங்கியிருந்தாள். பதினைந்தாம் நாள் காலை, சவரம் செய்துகொண்டிருந்த கணவர் கண்ணாடியைப் பார்த்தபடி என்னைக் கூப்பிட்டார். கழுத்தில் ஜவ்வரிசி. முதல்நாள் இரவு அடித்த குளிர்க் காய்ச்சலை அலுவலகக் களைப்பு என்று நினைத்திருந்தோம்.

குளித்தலையில் இருக்கும் என் பெரிய மாமியாரிடம் தொலைபேசியில் கேட்டோம். அவருக்கு அந்த வருடம் அச்சுப்போல நினைவிருந்தது. 'அது மணல்வாரியல்லவா? கண் சிவந்து, மூக்கு ஒழுகி, மணலை வாரித் தெளித்ததுபோலப் பொடிப்பொடியாக இருந்ததே' என்றார். மணல்வாரி என்பது தட்டம்மை. அது வேறு வைரஸ். நம் வாயில் எல்லாமே அம்மைதான். சின்னம்மை, மணல்வாரி, கன்னம் வீங்கும் புட்டாளம்மை, ருபெல்லா என்கிற ஜெர்மன் அம்மை. ஒன்று வந்ததால் இன்னொன்று வராமல் இருக்காது. ஆனால் 'அம்மை வந்துவிட்டது' என்ற ஒரே வாக்கியம் நான்குக்கும் போதுமானதாக இருக்கிறது. அந்த வாக்கியத்தை நம்பித்தான் ஐந்து நாளைக் கோட்டைவிட்டோம்.

பிள்ளைக்கு விளையாட்டுப்போல வந்து போனது, முப்பத்தெட்டு வயதுக்காரரை உருட்டிப் போட்டது. மகளுக்கு முத்தை எண்ண முடிந்தது. இவருக்கு உச்சந்தலை, கண்ணிமை, உள்ளங்கால்வரை இடமில்லை. பெரியவர்களுக்குக் கடுமையாகத்தான் வரும், முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது என்று மருத்துவர் அசைக்ளோவிர் எழுதினார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். மாத்திரைப் பையோடு வாசலுக்கு வந்தபோது மாமியார் குறுக்கே நின்றார். அம்மைக்கு மருந்து கொடுத்தால் அவள் சீறுவாள், கண்ணைப் பறித்துவிடுவாள். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

திண்ணையிலிருந்து மாமா பேசினார். அவருக்குக் கொப்புளமெல்லாம் ஆறிவிட்டிருந்தது, ஆனால் சட்டை உரசினால்கூட நெருப்புத் துண்டு வைத்ததுபோல நரம்பு சுண்டியிழுத்தது. வேட்டியை இடுப்புக்குக் கீழே இறக்கித்தான் கட்டினார். அக்கிக்கும் இதே வகை மாத்திரைதான், முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால் நல்ல பலன் உண்டு. அவர் சிங்கத்தை நம்பிவிட்டு ஐந்தாம் நாள் போனார். 'எனக்கு நேரம் கடத்தித்தான் கொடுத்தார்கள். அவனுக்காவது நேரத்தோடு கொடு' என்றார்.

மாமியார் ஒன்றும் பேசவில்லை. மாத்திரைப் பையை வாங்கிச் சமயபுரத்தாள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்தார். பிறகு முதல் மாத்திரையை அவரே உடைத்து எடுத்து, தண்ணீரோடு மகனிடம் கொண்டுபோனார். அடுத்த ஏழு நாளும் ஐந்து வேளையில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. நான்தான் இரண்டு முறை மறந்தேன்.

நான்காம் இரவு கணவருக்கு வறட்டு இருமல். கட்டிலிலிருந்து குளியலறைவரை நடந்ததற்கே மூச்சு வாங்கியது. பெரியவர்களுக்கு, அதிலும் புகைப்பவர்களுக்கு, சின்னம்மை நுரையீரலில் இறங்கலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். விட்டுவிட்டேன் என்று அவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது என்பது வேறு கதை. இரவோடு இரவாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். நுரையீரல் தெளிவாக இருந்தது. திரும்பி வரும்போது விடிந்துவிட்டது. உறையூர்க் கடைத்தெருவில் பூக்கடைகள் திறந்துகொண்டிருந்தன. மூச்சுத் திணறல், விடாத வாந்தி, எழுப்பினால் சரியாக எழாத மயக்கம், நடக்கும்போது தள்ளாட்டம், இவற்றில் எது தெரிந்தாலும் மணி பார்க்காமல் கிளம்புங்கள் என்று அங்கிருந்த இளம் மருத்துவர் சொன்னதை அன்றே சுவர்க் காலண்டரில் எழுதிவைத்தேன்.

கணவர் வேலைக்குத் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. மாமாவுக்கு நரம்பு வலி ஆடி மாதம்வரை இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கான அக்கித் தடுப்பூசி இப்போது நம் நாட்டிலும் கிடைக்கிறது. விலையைக் கேட்டு மாமியார் அதிர்ந்துபோனார், பிறகு மாமாவின் இடுப்பைப் பார்த்துவிட்டு, தனக்கு எப்போது போடலாம் என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் பால் கணக்கை மர அலமாரிக் கதவின் உட்பக்கம் பென்சிலால் எழுதுவது வழக்கம். அதற்கு மேலே இடம் விட்டு எல்லாருடைய பெயரையும் எழுதினேன். யாருக்கு, எந்த அம்மை, எந்த வருடம், எந்தத் தடுப்பூசி. மகளுக்கும் கணவருக்கும் தேதியோடு எழுத முடிந்தது. மாமாவுக்கு 'சின்னம்மை, ஏறக்குறைய ஏழு வயது' என்று அவரே சொன்னார். மாமியாரின் பெயருக்கு நேராகப் பென்சிலை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் வெகுநேரம் யோசித்தார். 'அம்மா இருந்தால் கேட்கலாம்' என்றார். பிறகு, 'தெரியவில்லை என்றே எழுது' என்றார்.